பதினேழாம் நம்பர் பார்த்த திசை

என் மகள் ஜொவிட்டா பிறந்த பதினோராம் நாள், முள்ளுவிளை சூசையப்பர் கோயில் நிலத்தில் நின்ற பதினேழாம் நம்பர் காற்றாலை, காற்றைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்க்கத் தொடங்கியது. அது ஐப்பசி மாதம். கணவாய்க் காற்று செத்துப்போய், ஆரல்வாய்மொழியிலிருந்து எங்கள் ஊர்வரைக்கும் நிற்கிற காற்றாலைகள் எல்லாம் கையை விரித்தபடியே உறங்கிக்கொண்டிருக்கிற காலம். அந்த உறக்கத்தின் நடுவே பதினேழு மட்டும் கழுத்தைத் திருப்பி, எங்கள் ஓட்டுவீட்டைப் பார்த்து நின்று, மெதுவாக, ஒரு குழந்தை மூச்சு விடுகிற நிதானத்தில் சுற்றியது.

முதலில் பார்த்தவர் என் கணவர் வில்பிரட். அவர்தான் அந்தக் காற்றாலைக்கு ஆப்பரேட்டர். கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தார்.

"பிரிஸ்கா, பதினேழு சுத்துது."

"காத்து வந்திட்டா அத்தான்?"

"ஒரு இலை அசையல்ல. அது நம்ம வீட்டப் பாத்து நிக்குது, கேட்டியா."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். காற்றாலையின் தலை இம்மி திரும்பியது. கொல்லைப்புறம் போனார், அதுவும் கூடவே திரும்பியது. அவள் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தார். "இவ மூச்சைக் காத்துன்னு நெனச்சிருக்கு" என்றார். பசு வேறொரு கன்றைத் தன்னுடையது என்று நக்குகிறது என்று சொல்கிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்; நானும் அப்படியே கேட்டுக்கொண்டு, நனைந்த துணியை மாற்ற அவளை வாங்கிக்கொண்டேன்.

அந்த இயந்திரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொன்னதுதான். கான்வென்ட்டில் சிஸ்டர் காந்தமும் கம்பிச்சுருளும் கரும்பலகையில் வரைந்து போட்டதை நான் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியிருந்தேனே தவிர, கல்யாணம் நிச்சயமான பிறகு, கோபுரத்தின் அடியில் என்னை நிறுத்திக் கையை ஆட்டி ஆட்டி அவர் விளக்கியபோதுதான் அது எனக்குள் இறங்கியது. இறக்கை நிமிஷத்துக்கு முப்பது சுற்றுதான் சுற்றும், அது போதாது. அதன் பின்னால் ஒரு பல்சக்கரப் பெட்டி இருக்கிறது, இந்தப் பக்கம் முப்பதாக நுழைகிற சுற்று அந்தப் பக்கம் ஆயிரத்து ஐந்நூறாக வெளியே வரும். அந்த வேகத்தில் ஜெனரேட்டருக்குள் உருளை சுழல, காந்தம் செம்புக் கம்பியைத் தொடாமலே தொட்டுப் போக, கம்பிக்குள் கரண்ட் பிறக்கும். "ஆனா இது பழைய மாடல். இதுக்குச் சொந்தமாக் காந்தம் கெடையாது. முதல்ல லைன்ல இருந்து கொஞ்சம் கரண்ட வாங்கி, அதுலதான் காந்தமாவும். வாங்கினதுக்கு அப்புறம்தான் கொடுக்கும்" என்றார். "மேல இருந்து வாற கேபிள் இருக்குல்லா, தலை ஒரே பக்கமாச் சுத்திக்கிட்டே இருந்தா சடை பின்னுன மாதிரி முறுக்கிக்கிடும். நாலு சுத்து தாங்கும். அதுக்கு மேல போனா உள்ள ஒரு சுவிட்ச் இருக்கு, அதுவே மெஷினை நிறுத்தி, தலைய எதிர்ப்பக்கமாச் சுத்தி முறுக்கைப் பிரிச்சிரும். அதுவரைக்கும் யாரு சொன்னாலும் கேக்காது." அப்போது எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. தன் மனதைத்தான் இவர் எனக்குத் திறந்து காட்டுகிறார் என்று நினைத்தேன்.

அந்த வருஷம் நாளுக்குப் பதினாலு மணி நேரம் கரண்ட் கிடையாது. எங்கள் தலைக்கு மேலே போகிற பெரிய லைனில் எப்போதும் கரண்ட் ஓடும். ஊருக்கு இறங்குகிற கம்பியில்தான் இருக்காது. கம்பெனியிலிருந்து ஒரு என்ஜினியர் வந்தார், பதினேழைப் பார்த்தார், என் மடியிலிருந்த பிள்ளையைப் பார்த்தார், பதிவேட்டில் "சென்சார் கோளாறு" என்று எழுதினார், பிறகு பேனாவை மூடாமலே என்னைக் கேட்டார்: "குழந்தைக்கு எத்தனை மணிக்கு எத்தனை மணிக்குப் பால் குடுக்கறீங்க?" காற்றில்லாத மாதங்களில் பதினேழு தருவதை ஊரே வைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு கம்பியை இழுத்துக் கட்டிக்கொடுத்தார்கள். ஊர் கை தட்டியது. கோயில்பிள்ளை சவரிமுத்து, பூசை முடிந்ததும் அறிவிப்பு வாசிக்கிற அதே குரலில், "வில்பிரட்டின் குழந்தைக்காக ஒரு அருள்நிறை மந்திரம்" என்றார்.

அவள் உறங்கும்போது இறக்கை சும்மா அசையும், கரண்ட் வராது. விழித்துக் காலை உதைத்தால் தெருவிளக்கு ஒன்றிரண்டு மினுங்கும். சிரித்தால்தான் ஆபத்து, அவள் சிரிப்பு விட்டு விட்டு வரும், ஒரு நொடி கொள்ளாத வேகம், மறுநொடி ஒன்றுமில்லை, இப்படி மேலும் கீழுமாக வந்த கரண்டில் ஒரே வாரத்தில் ஊரில் நாற்பது பல்பும் ஞானப்பூ அக்கா வீட்டு டிவியும் போயின. அதன்பிறகு எவரும் அவளுக்கு முகத்தைக் கோணிக்காட்டவில்லை, கிலுக்கட்டை ஆட்டவில்லை, வாங்கிவந்த பொம்மைகளைப் பொட்டலம் பிரிக்காமல் அலமாரியில் வைத்தார்கள். அழுகைதான் சீராக வந்தது. நின்று நிதானமாக, ஒரே மட்டத்தில், ஆனி ஆடிக் காற்றைப் போல.

"பிரிஸ்கா, கொச்சு எப்பம் முழிக்கும்? அரிசியும் உளுந்தும் கிரைண்டர்ல போட்டாச்சு மக்ளே" என்று மதிலுக்கு அந்தப்புறமிருந்து ஞானப்பூ அக்கா கேட்பாள். எனக்குப் பிரசவம் பார்க்கக் கூட வந்தவள், பத்தியக் குழம்பு வைத்துத் தந்தவள். அவள் குரலில் ஒரு கெட்டதும் இருக்காது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார் வந்து, பரீட்சை முடியும்வரை சாயங்காலத்தில் கொஞ்சம் அழவிட்டால் போதும் என்றார்கள். சலூன்காரர், பாதி சிரைத்த முகத்தோடு ஒருவர் நாற்காலியில் இருப்பதாக ஆள் அனுப்பினார்.

"அழுதா நுரையீரல் பலப்படும்" என்றார்கள்.

"எங்க வீட்டுப் பிள்ளைகளும்தான் அழுவுது, ஒரு பல்பு எரியுதா?" என்று சிரித்தார்கள்.

"நீ குடுத்து வச்சவ."

அவர்கள் சொன்னதெல்லாம் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. கூட்டிப் பார்த்தால்தான் பிள்ளை நாள் முழுக்க அழ வேண்டியிருந்தது.

பிறகு ஒரு சங்கடம் வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஜொவிட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்கும் கடைக்கும் போவார்கள். கோயில் நிலத்தைச் சுற்றித்தான் எங்கள் ஊரின் ஒரே தெரு வளையமாக ஓடுகிறது, நடுவிலே பதினேழு. பிள்ளை ஒருநாளைக்கு ஒரு வட்டம் போனாலும், நாலைந்து நாளில் கேபிள் முறுக்கிக்கொண்டு, சுவிட்ச் விழுந்து, மெஷின் நின்று, எதிர்ப்பக்கமாகச் சுற்றி முறுக்கைப் பிரிக்க அரைமணி நேரம் எடுத்துக்கொள்ளும். பாதி அரைத்த மாவோடு நிற்கிறவர்கள் வந்து வில்பிரட்டை ஏசினார்கள். அவர் ஒருநாள் மேலே ஏறினார். இறங்கி வந்து, "இனி நிக்காது" என்றார்.

"என்ன செய்தீங்க அத்தான்?"

"அந்தச் சுவிட்சுக்குப் போற வயரைக் கழத்திட்டேன். கம்பெனிக்குத் தெரிய வேண்டாம். பிள்ளையை ஒரு பக்கமாக் கொண்டு போனா அதே வழியாத் திருப்பிக் கொண்டு வந்தாப் போதும், முறுக்கே விழாது."

அதே வழியாகத் திரும்ப வேண்டும் என்பது ஒரு மாதத்துக்கு வில்பிரட்டின் சொல்லாக இருந்தது. இரண்டாம் மாதம் கோயில்பிள்ளையின் அறிவிப்பாயிற்று. மூன்றாம் மாதம் அது ஆதிகாலம்தொட்டு இருக்கிற முறையாகிவிட்டது. வட்டத்தை முடிக்கிறவள் வயிற்றில் புழு பூச்சி தங்காது என்றார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எதிரே பத்தடியில் இருக்கும் வீட்டுக்கு, தெரு முழுக்கத் திரும்பி நடந்தார்கள். கல்யாண ஊர்வலம் போன காரைத் திருப்ப இடமில்லாமல், மாப்பிள்ளையும் பெண்ணும் ரிவர்ஸிலேயே வீட்டுக்கு வந்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கழற்றிய வயர்தான் காரணம் என்று எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

இங்கே ஒன்றை நான் எழுதியாக வேண்டும். பங்குனி மாதத்து மத்தியானம் ஒன்றில், முதுகெல்லாம் வேர்க்குருவோடு, இரவெல்லாம் உறங்காத உடம்போடு நான் அவள் பக்கத்தில் கிடந்தேன். அவள் சிணுங்கினாள். மேலே மின்விசிறி அசைந்தது. அவள் அழுதாள், விசிறி சுற்றியது, அந்தக் காற்று என் கழுத்தில் பட்டதும் நான் கண்ணைத் திறக்கவில்லை. பால் கட்டி ரவிக்கை நனைகிறது, எனக்குத் தெரிகிறது; ஆனாலும் ஜெபமாலையில் ஒரு பத்து மணி சொல்லுகிற நேரம், நான் உறங்குகிறவள் மாதிரிக் கிடந்தேன். பிறகுதான் எடுத்தேன். அவள் பால் குடிக்காமல் என்னையே பார்த்தாள். ஊரைப் பற்றி நான் சொல்கிற எல்லாவற்றையும் இதோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

வில்பிரட் மாறியது எந்த நாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வேலை முடிந்து வந்ததும் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிவிட்டுத்தான் அவளைத் தொடுகிற மனிதர். "நாலு மணிப் பாலை நாலேகாலுக்குக் குடு" என்றார். அடுத்த வாரம் நாலரை ஆயிற்று. நான் எதிர்த்துப் பேசினால் கோபப்படமாட்டார், என் தலையைத் தடவி, "எனக்கு மட்டும் வருத்தமில்லியா பிரிஸ்கா?" என்பார். நான் நம்பினேன். நம்பாமல் வேறு யாரிடம் போய் நிற்க?

சித்திரை பிறந்து மூன்றாம் நாள், நான் குளத்தில் துணி அலசிக்கொண்டிருந்தேன். ஊரில் ரைஸ்மில் ஓடுகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன், பதினேழு முழுவேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தொட்டிலில் பிள்ளை முகம் கறுத்து அழுகிறாள். பக்கத்தில் முக்காலி போட்டு வில்பிரட் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, எடுத்துவிடாதபடி தன் கையையே தான் அமுக்கிவைத்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைத் தெரிகிற மாதிரி எதிரே பலகையில் வைத்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அத்தான், கதவைத் திறங்க."

அவர் திரும்பவில்லை. "இன்னும் பத்து நிமிஷம், பிரிஸ்கா. மில்லுல நெல்லு பாதில நிக்குது."

"பிள்ளை செத்துப்போவா!"

"ஒண்ணும் ஆவாது. நான்தான் பக்கத்துலயே இருக்கேன்லா."

பக்கத்திலேயே இருந்தார் என்பதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. போட்டுவிட்டு எங்காவது போயிருந்தால், மறந்துவிட்டார் என்று மனதைத் தேற்றியிருப்பேன்.

மறுநாள் காலையில் பிள்ளையை எடுத்துக்கொண்டு நாகர்கோவிலுக்கு, அம்மா வீட்டுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பஸ் போன போக்கில் பதினேழு தலையைத் திருப்பி, தென்மேற்கே பார்த்து நின்றுவிட்டது. ஊர் முழுக்க அதைப் பார்த்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு வில்பிரட்டும் கோயில்பிள்ளையும் ஒரு குலை ரசகதலிப் பழத்தோடு அம்மா வாசலில் நின்றார்கள்.

"ஊர்ல எல்லாரும் இருட்டுல இருக்காவ அம்மா" என்றார் சவரிமுத்து.

அம்மா என்னை அடுக்களைக்குள் கூட்டிப்போய்க் காபி தந்தாள். "அழாத பிள்ளை எங்க இருக்கு? அவரு குடிக்காரா, அடிக்காரா? கரண்டுக்காக ஒருத்தி மாப்பிள்ளைய விட்டுட்டு வந்தான்னு நான் யார்ட்ட சொல்லுவேன்?" என்றவள், என் பையின் ஜிப்பை இழுத்து மூடி அவளே வெளியே கொண்டுபோய் வைத்தாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் தூரத்தில் பதினேழு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. எங்கே போனாலும் அது காட்டிக்கொடுக்கும். அது கெட்டதல்ல, அதற்கு அவள்தான் காற்று. ஒளிந்துகொள்ள எனக்கு இடமில்லை என்று தெரிந்த அந்த பஸ்ஸில்தான், கல்யாணத்துக்கு முன்னால் அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்ன ஒரு சொல் எனக்கு ஞாபகம் வந்தது. நாலு சுத்து தாங்கும்.

மே மாதம் முதல் தேதி சூசையப்பர் திருவிழா. மாலை நான்கு மணிக்கு சப்பரம் எடுத்தார்கள். வளையத் தெருவில் முக்கால்வாசி போய், பிறகு வந்த வழியே பின்னாலேயே இழுத்து வருவது என்று முடிவு. சூசையப்பரும் அந்த வருஷம் ரிவர்ஸில்தான் வந்தாக வேண்டும். சப்பரத்தில் சீரியல் பல்புகள் கட்டியிருந்தார்கள். அது எரிய வேண்டுமே; ஆகவே சப்பரத்துக்கு முன்னால் நான், என் தோளில் மூன்று மணிப் பால் கொடுக்கப்படாத ஜொவிட்டா. பாண்டு வாத்தியம் அவள் அழுகையை மூடிக்கொள்ளும் அளவுக்குச் சத்தமாக வாசித்தது.

முக்கால் தெருவில் சப்பரம் நின்றது. நான் நிற்கவில்லை.

"பிரிஸ்கா, திரும்பு மக்ளே" என்றாள் ஞானப்பூ அக்கா. நான் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். வட்டத்தை முடித்தேன். தெருவில் ஒரு பெருமூச்சு எழுந்தது. நான் இரண்டாம் வட்டம் தொடங்கினேன். மாராப்புக்குள் அவளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே நடந்தேன். யாரோ, "நேர்ச்சை போல இருக்கு" என்றார்கள். வேண்டுதலுக்காக நேர்ச்சை நடக்கிறவளை எங்கள் ஊரில் தொடமாட்டார்கள். ஆண்கள் வழி விட்டார்கள். பெண்கள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டார்கள். பாண்டுக்காரர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாமல், என் பின்னாலேயே வாசித்துக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் வட்டத்தில் வயிறு நிறைந்த ஜொவிட்டா தலையைத் தூக்கி, சுற்றிச் சுற்றி வருகிற வீடுகளையும் முகங்களையும் பார்த்துச் சிரித்தாள். மாதக்கணக்கில் யாரும் கேட்காத சிரிப்பு. சப்பரத்தில் பல்புகள் ஒவ்வொன்றாக வெடித்தன.

அந்தச் சத்தத்தில்தான் கோபுரத்தடியில் இருந்த வில்பிரட் நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும். நான்காம் வட்டத்தின் பாதியில் ஓடிவந்தார். மேலே அண்ணாந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். எதற்காக நான் நிற்க வேண்டும் என்று சொன்னால் அந்த வயரைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

"எதிர்ப்பக்கம் வா பிரிஸ்கா. உன் காலைப் பிடிக்கேன், எதிர்ப்பக்கமா வா."

கோயில்பிள்ளை அவர் கையைப் பிடித்து இழுத்தார். "வேய், நேர்ச்சைய முறிக்காதேயும்!"

"கொஞ்சம் நில்லு, பிரிஸ்கா!"

நான் அவரைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னேன்: "இன்னும் பத்து நிமிஷம், அத்தான். ஒண்ணும் ஆவாது."

ஐந்தாம் வட்டம் முடிகிற இடம் பஸ் நிறுத்தம். அங்கே நான் கால் வைக்கும்போது மேலே ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி ஒரு முனகல் கேட்டது, பிறகு கேபிள் அறுந்தது. ஜன்னல்கள் அதிர்ந்தன. கோபுரத்தின் கதவிடுக்கிலிருந்து கருகின ரப்பர் வாடை வந்தது. கரண்ட் போனால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும் என்றும் அவர் சொல்லியிருந்தார், பிடித்துக்கொண்டது. ஊரில் ஓடிக்கொண்டிருந்த எல்லாம் நின்றன. நிற்கும்வரைக்கும் அத்தனை சத்தத்தில் நாங்கள் வாழ்ந்துகொண்டிருந்தோம் என்று எனக்குத் தெரியாது.

யாரும் என்னைத் தடுக்கவில்லை. யாரும் போகாதே என்றும் சொல்லவில்லை. பிரசவத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த ஞானப்பூ அக்கா வீட்டுக்குள் போய், இருட்டில், கிரைண்டரிலிருந்து மாவை வழித்துக்கொண்டிருந்தாள். அப்போது வந்து நின்ற பஸ்ஸில் நான் ஏறினேன். இன்றைக்கும் பதினேழு அந்த பஸ் நிறுத்தத்தைப் பார்த்துத்தான் நிற்கிறதாம், தலை திருப்ப அதற்குக் கரண்ட் இல்லை.

இப்போது தக்கலையில் ஒரு அறை. பகலில் பள்ளிக்கூடம் ஒன்றில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறேன், அவள் உறங்கிய பிறகு இதை எழுதுகிறேன். வில்பிரட் ஒரு தடவை வந்தார். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளவில்லை. உதிரிபாகம் கிடைக்காத மெஷினைப் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வேற டவர் ஏதாவது திரும்புதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

ஜொவிட்டா இப்போது அழுவதில்லை. பிடித்து நிற்கிறாள், விழுகிறாள், நெற்றி வீங்குகிறது. வாய் கோணும், கண் நிறையும், அப்போது முதலில் மேலே மின்விசிறியைப் பார்க்கிறாள். அது சுற்றிக்கொண்டிருந்தால் வாயை மூடிக்கொள்கிறாள். ஆனி ஆடிக் காற்று வந்தபிறகு கரண்ட் போவதில்லை, இங்கே அது எப்போதும் சுற்றுகிறது. தான் அழுதால்தான் அது சுற்றும் என்று கற்றவள், அது சுற்றுகிறதே, போதுமே, இனி எதற்கு என்று நினைக்கிறாளோ; அல்லது இன்னும் எவ்வளவுதான் கேட்பீர்கள் என்றா. எனக்குத் தெரியவில்லை. பதினொரு மாதக் குழந்தையின் உதடு இவ்வளவு இறுக்கமாக மூடுவதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

இன்று மத்தியானம் கதவிடுக்கில் விரல் நசுங்கியது. நகம் நீலமாகிவிட்டது. அவள் மேலே பார்த்தாள். நான் எழுந்து போய் சுவிட்சை அணைத்தேன். இறக்கைகள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்து, தள்ளாடி, நின்றன. அறைக்குள் வெக்கை இறங்கியது. அவளை மடியில் போட்டுக்கொண்டு, வியர்வை இரண்டு பேருக்கும் ஒன்றாக ஓட, அவள் காதில் சொன்னேன்:

"அழு மக்ளே. இனி எதுவும் சுத்தாது. அழு."

அவள் நின்றுபோன விசிறியை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பங்குனி மத்தியானத்தில் பார்த்த அதே பார்வை. உதடு மட்டும், கொஞ்சம், பிதுங்கியது.